முதல் லொறி வேலை: எந்தக் கம்பனியில் சேர்வது? அனுபவமுள்ள சாரதிகள் சொல்லுங்கள்

மட்டக்குளி தம்பி · ஞாயிறு இரவு 9.10

வணக்கம். எனக்கு வயது 26. சொந்த ஊர் அட்டன் பக்கத்துத் தோட்டம். ஆறு வருடங்களாக மட்டக்குளியில் அக்கா வீட்டின் மேல்மாடியில் இருக்கிறேன். திருமணமாகிவிட்டது, எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. நான்கு வருடம் புறக்கோட்டைக் கடை ஒன்றின் கென்டர் என்ற சிறிய லொறியில் கிளீனராக ஓடினேன். சாரதி பின்னோக்கி எடுக்கும்போது கதவில் தட்டித் தட்டியே வாகனத்தின் நீள அகலம் எனக்குப் பழகிவிட்டது. போன மாதம் பாரவாகனத்துக்கான 'சி' வகுப்பு சாரதி அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்தது.

இப்போது மூன்று இடங்களில் கூப்பிடுகிறார்கள். முதலாவது, ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு கொள்கலன் யார்ட். மாதம் 40,000 ரூபா, ஒவ்வொரு நடைக்கும், அதாவது ஓட்டத்துக்கும், தனியாகக் காசு. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். இரண்டாவது, நான்காம் குறுக்குத் தெருவில் சொந்தமாக மூன்று லொறி வைத்திருக்கும் ஒருவர். மாதச் சம்பளம் கிடையாது, நடைக்கணக்கு மட்டும். தம்புள்ளை, வவுனியா, எல்லாம் இரவு ஓட்டம். மாதம் 1,20,000 ரூபாவரை வரும் என்கிறார். மூன்றாவது, வத்தளையில் கடைகளுக்குப் பொருள் விநியோகிக்கும் கம்பனி. பகல் வேலை, 48,000 ரூபா, சேமலாப நிதி உண்டு, அவ்வளவுதான்.

மனைவி மூன்றாவதைச் சொல்கிறார். நண்பர்கள் முதலாவதைச் சொல்கிறார்கள். எனக்குக் கடன் இருக்கிறது. முதல் வேலையை எதைப் பார்த்துத் தெரிவு செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆமர் வீதி நானா · ஞாயிறு இரவு 10.25

தம்பி, மூன்று இடத்திலும் சம்பளத்தைக் கேட்டிருக்கிறீர்கள். லொறியைப் பார்த்தீர்களா?

31 வருடமாக ஓட்டுகிறேன். நான் சொல்வதைச் செய்துவிட்டு வாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, லொறிகள் வெளிக்கிடும் நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். மேலாளரைச் சந்திக்கும் நேரம் அதுவல்ல. அதனால்தான் அந்த நேரம். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியை வாசியுங்கள். பக்கத்தில் காப்புறுதிச் சீட்டும் இருக்கும், அதையும் வாசியுங்கள். திகதி முடிந்திருந்தால் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பலாம். வீதியில் பொலிஸ் மறிக்கும்போது முதலாளி பக்கத்தில் இருக்கமாட்டார். சீட்டு எழுதுவது உங்கள் பெயருக்கு.

அடுத்தது பின் டயர். இரட்டை டயரில் வெளியே இருப்பது எல்லோர் கண்ணிலும் படும். குனிந்து உள்ளே இருப்பதைப் பாருங்கள். வெளியே நல்ல டயரைப் போட்டுவிட்டு உள்ளே நூல் தெரியும் டயரோடு ஓடவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது, இதை யாரும் புதுச் சாரதிக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. காற்றுப் பிரேக் உள்ள லொறியில் ஏயர் டாங்கியின் அடியில் ஒரு சின்ன வடிகால் குமிழ் இருக்கும். காலையில் அதை இழுத்துவிட்டால் காற்றோடு தண்ணீர் வெளியே வரும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம்தான் டாங்கிக்குள் தண்ணீராகிறது. தினமும் திறக்கிற இடத்தில் இரண்டு மூன்று துளி விழும், அவ்வளவுதான். திறக்காத இடத்தில் எண்ணெய் கலந்து, பால் தேநீர் நிறத்தில் கொட்டும். அந்தத் தண்ணீர் பிரேக் வால்வுக்குள் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு சாரதியிடம் "அண்ணா, ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அந்தக் கம்பனியில் லொறியை யார், எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது தரையில் விழும் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

பிறகு பக்கத்துத் தேநீர்க்கடை. அங்கே இரண்டே கேள்வி கேளுங்கள். இங்கே எத்தனை வருடம் இருக்கிறீர்கள்? கடைசியாக லொறி நடுவழியில் நின்றபோது யார் வந்தார்கள்?


கணக்குப் பிரிவு அக்கா · ஞாயிறு இரவு 11.02

நான் பேலியகொடையில் ஒரு போக்குவரத்துக் கம்பனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். தம்பி, "அவ்வளவுதான்" என்று எழுதிய அந்த மூன்றாவது கம்பனியைப் பற்றிப் பேசவேண்டும்.

ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 48,000 ரூபாவுக்குக் கணக்குப் பார்த்தால் முதலாளி உங்கள் பெயரில் மாதம் 7,200 ரூபா போடுகிறார். நீங்கள் எழுதிய 48,000 ரூபாவில் அது இல்லை. அதற்கு மேலே வருகிறது.

கொள்கலன் யார்டில் 40,000 சம்பளம், மீதி நடைக்காசு என்றால், சேமலாப நிதியை அவர்கள் எந்தத் தொகைக்குக் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் 40,000 ரூபாவுக்குத்தான் கட்டுவார்கள். ஆனால் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தில் உழைப்பு ஊதியம் என்பதற்குள் கமிஷன், துண்டுக்கணக்கு, ஒப்பந்தக் கணக்கில் கொடுப்பது எல்லாம் அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவு அதில் சேராது. ஒரு லட்சம் உழைக்கும் சாரதிக்கு 40,000 ரூபாவுக்கு மட்டும் கட்டினால், 20 வீதக் கணக்கில் மாதம் 12,000 ரூபா நிதிக்குப் போகாமல் நிற்கிறது. ஐந்து வருடத்தில் 7,20,000 ரூபா, வட்டி சேர்க்காமல். உங்களுக்கு எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. அந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகும் வயதில் இந்தப் பணம் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்குமா இல்லையா என்பதை நீங்கள் இப்போதே முடிவு செய்கிறீர்கள்.

பணிக்கொடையும் உண்டு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். மூன்று லொறி வைத்திருப்பவரிடம் அது கிடைக்காது.

சேர்ந்த முதல் மாதத்திலேயே அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மறுமாதக் கடைசிக்குள் அவர்கள் பணம் கட்டியிருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் அடையாள அட்டையோடு நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போய்க் கேட்கலாம். வெட்கப்படாதீர்கள். அது உங்கள் காசு.


நான்காம் குறுக்குத் தெரு · திங்கள் காலை 6.40

எல்லோரும் சேர்ந்து சின்ன முதலாளியைக் கள்ளன் ஆக்கிவிடாதீர்கள். தம்பி சொன்ன ஆள் நானில்லை, ஆனால் நானும் அதே தெருதான், எனக்கும் லொறிகள் இருக்கின்றன.

பெரிய கம்பனிகள் "மூன்று வருட அனுபவம் வேண்டும்" என்று விளம்பரம் போடுகிறார்கள். அந்த மூன்று வருடத்தை யார் கொடுப்பது? நாங்கள்தான் கொடுக்கிறோம். இன்று கொழும்பில் கொள்கலன் ஓட்டும் எத்தனையோ பேர் எங்கள் லொறிகளில் ஏறி உரசிப் படித்தவர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு ஏறக்குறைய ஐந்து வருடம் பழைய லொறிகளையே உதிரிப்பாகம் மாற்றி மாற்றி ஓட்டினோம். 2022 இல் டீசல் வரிசையில் என் லொறி நாட்கணக்கில் நின்றது. லொறி ஓடாத அந்த நாட்களுக்கும் என் இரண்டு சாரதிகளுக்கும் சாப்பாட்டுக் காசு கொடுத்தேன். எந்தச் சட்டமும் என்னைக் கேட்கவில்லை. அவர்களின் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தம்பி, சின்ன இடத்தில் சேர். முதலாளியோடு நேரே பேசலாம். பெரிய இடத்தில் நீ ஒரு இலக்கம்.


கணக்குப் பிரிவு அக்கா · திங்கள் காலை 8.15

அண்ணா, நீங்கள் சாப்பாட்டுக் காசு கொடுத்ததை மதிக்கிறேன். அப்படிச் செய்யாத பெரிய இடங்களை நானும் பார்த்தேன். ஆனால் அந்த இரண்டு சாரதிகளுக்கும் சேமலாப நிதி கட்டுகிறீர்களா? ஒருவர் மட்டும் வேலை செய்தாலும் கட்டவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.


நான்காம் குறுக்குத் தெரு · திங்கள் காலை 9.50

ஒருவருக்குக் கட்டுகிறேன். மற்றவர் கையில் காசு வேண்டும் என்கிறார். அவரை வற்புறுத்த முடியவில்லை.


கணக்குப் பிரிவு அக்கா · திங்கள் காலை 10.05

அவர் வேண்டாம் என்றாலும் கட்டும் பொறுப்பு உங்களுடையது, அண்ணா. நாளை அவருக்கு ஒன்று நேர்ந்தால் அவருடைய மனைவி உங்களிடம்தான் வருவார். இந்த மாதமே ஆரம்பியுங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன்.


பிரைம் மூவர் 22 வருடம் · திங்கள் மாலை 4.30

துறைமுக முனையத்து வாசலில் வரிசையில் நின்றுகொண்டு எழுதுகிறேன். எனக்கு முன்னால் பதினேழு வாகனம் நிற்கிறது.

தம்பி, உங்களிடம் இருப்பது 'சி' வகுப்பு. கொள்கலன் இழுக்கும் பிரைம் மூவருக்கும் டிரெய்லருக்கும் 'சி.இ.' வேண்டும். அப்படியென்றால் அந்த யார்ட் உங்களை எதற்குக் கூப்பிடுகிறது? பத்துச் சக்கர லொறி இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் சரி. "இப்போதைக்கு யார்டுக்குள் மட்டும் பிரைம் மூவரை நகர்த்துங்கள், 'சி.இ.' பிறகு எடுக்கலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் கிழமை யார்டுக்குள் நகர்த்தச் சொல்வார்கள். இரண்டாவது கிழமை ஒரு சாரதி வரமாட்டார், "இங்குருகடைச் சந்தி மட்டும்தானே" என்பார்கள். எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. அன்று ஒரு முச்சக்கர வண்டியின் பக்கத்தை டிரெய்லர் உரசியது. ஆளுக்கு ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் உரிய வகுப்பு இல்லாதவன் ஓட்டினான் என்று காப்புறுதி கைவிரித்துவிட்டது. வழக்கு என் பெயரில். "நாங்கள் ஓட்டச் சொல்லவில்லை" என்று கம்பனி எழுதிக் கொடுத்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நடைக்காசைப் பற்றியும் ஒன்று. கொள்கலன் ஓட்டத்தில் ஓட்டுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். முனையத்தில் ஒரு வரிசை, சுங்கப் பரிசோதனை யார்டில் இன்னொரு வரிசை, வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் மூன்றாவது. 2025 ஜனவரியில் துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கியபோது நாட்கணக்கில் வண்டிக்குள்ளேயே தூங்கினோம். கம்பனி தாமதத்துக்காக வாடிக்கையாளரிடம் காத்திருப்புக் கட்டணம் வாங்குகிறது. அதில் சாரதிக்குப் பங்கு உண்டா? "ஒரு லட்சத்துக்குக் குறையாது" என்றவர்களிடம் இதைக் கேளுங்கள். பங்கு இல்லாத இடத்தில் அந்த மாதம் எங்களுக்குக் கிடைத்த நடைகளை விரல்விட்டு எண்ணலாம்.

கொள்கலன் வேலை கெட்ட வேலை இல்லை. எனக்கு இது பிடிக்கும். நாற்பது அடிப் பெட்டியை ஏற்றி, நான்கு மூலையிலும் பெட்டியைப் பூட்டும் ட்விஸ்ட் லொக் முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்று கையால் பிடித்துப் பார்த்து, சீல் இலக்கத்தைத் தாளோடு ஒப்பிட்டுவிட்டு, விடியும்முன் பாலத்தில் ஏறுகிற சந்தோஷம் வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. நீங்களும் வருவீர்கள். 'சி.இ.' எடுத்துக்கொண்டு வாருங்கள்.


வத்தளைக் குடும்பப் பெண் · திங்கள் இரவு 8.20

நான் சாரதி இல்லை. சாரதியின் மனைவி. இந்த இழையை என் மகன் காட்டினான்.

என் கணவர் ஒன்பது வருடம் ஒரே இடத்தில் ஓட்டினார். நியமனக் கடிதம் கொடுக்கவில்லை. "நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம், கடிதம் எதற்கு" என்பார் முதலாளி. பொருள் இறக்கும்போது தட்டு சரிந்து அவருடைய முதுகு அடிபட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்றாம் நாள், அவர் தங்களிடம் நிரந்தரமாக வேலை செய்யவில்லை, எப்போதாவது வந்து போகிறவர் என்று சொல்லிவிட்டார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நடையின் சீட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பிஸ்கட் டின்னில் போடுவார். குப்பை சேர்க்கிறார் என்று நான் ஏசியிருக்கிறேன். அந்த டின்னைத்தான் தூக்கிக்கொண்டு தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகத்துக்குப் போனேன். திகதி, லொறி இலக்கம், அவருடைய கையெழுத்து, கடைக்காரரின் முத்திரை. எலி கடித்ததும் இருந்தது, டீசல் கறை பட்டதும் இருந்தது. மேசையில் கொட்டி வருடவாரியாக அடுக்கினோம். ஒன்பது வருடமும் அங்கே இருந்தது. நட்டஈடு கிடைத்தது. கடிதம் இல்லை என்பதற்காக நமது உரிமை போய்விடாது. ஆனால் கடிதம் இருந்திருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

தம்பி, கடிதம் கேளுங்கள். கொடுக்கும்வரை ஒவ்வொரு சீட்டையும் தொலைபேசியில் படம் எடுத்து மனைவிக்கு அனுப்புங்கள். அவர் வைத்திருப்பார்.


கத்தாரிலிருந்து வந்தவன் · திங்கள் இரவு 9.45

சுருக்கமாக. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால், முதல் கம்பனி தருகிற அனுபவக் கடிதம்தான் பிறகு கதவைத் திறக்கும். கடிதத் தாளில், வாகன வகையும் திகதியும் போட்டுக் கொடுப்பார்களா என்று இப்போதே கேளுங்கள். முகவர் யாராவது முன்பணம் கேட்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருடைய உரிமத்தைச் சரிபார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.


மட்டக்குளி தம்பி · திங்கள் இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. அக்கா அனுப்பிய கணக்கை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அம்மா எழுதிய பிஸ்கட் டின் கதையைக் கேட்டுவிட்டு அவர் எழுந்து போய் ஒரு பழைய பால்மா டின்னைக் கழுவி வைத்துவிட்டார்.

எனக்கு இரண்டு சந்தேகம். என்னைக் கூப்பிட்ட நான்காம் குறுக்குத் தெரு முதலாளி, சரக்குக் குறைந்தால் சாரதி பொறுப்பு என்கிறார். அது வழக்கமா? மற்றது, யார்டில் சிங்களத்தில் ஒரு ஒப்பந்தம் நீட்டினார்கள். பேசுவேன், ஆனால் வேகமாக வாசிக்கத் தெரியாது. கூடவே அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதியை அலுவலகத்தில் வைக்கவேண்டுமாம்.


கினிகத்தேனை இறக்கம் · செவ்வாய் காலை 5.55

அனுமதிப்பத்திரத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஓட்டும்போது அது உங்கள் சட்டைப்பையில் இருக்கவேண்டியது. அதை வாங்கி வைப்பது நீங்கள் விட்டுப் போகாமல் இருக்கக் கட்டிப்போடும் கயிறு. ஒப்பந்தத்தைப் படம் எடுத்து வந்து, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் வரி வரியாகக் கேளுங்கள். நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தவன். உள்ளே ஒரு வரி இருந்தது: வாகனத்துக்கு வரும் எந்தச் சேதத்தையும் சாரதியின் சம்பளத்தில் கழிக்கலாம். கண்ணாடி வெடித்ததற்கும் வெட்டினார்கள். யாரோ எறிந்த கல் அது. சட்டப்படி பிடிப்பதைத் தவிர, எழுத்தில் நமது சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் கை வைக்க முதலாளிக்கு இடமில்லை. அதனால்தான் அந்தச் சம்மதத்தை முதல் நாளிலேயே வாங்கிவிடுகிறார்கள்.

நானும் உங்கள் ஊர்ப் பக்கம்தான். அட்டனிலிருந்து கொழும்புக் களஞ்சியங்களுக்குத் தேயிலை ஏற்றுகிறேன். முதல் கம்பனியில் முக்கியமாகக் கேட்கவேண்டியதை இதுவரை யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்: எத்தனை நாள் மூத்த சாரதி ஒருவர் என் பக்கத்தில் இருப்பார்?

எனக்கு யாரும் இருக்கவில்லை. சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முழு லோட்டோடு கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது, கென்டரில் பழகிய மாதிரி ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் ஒரு வாடை வந்தது. பொசுங்கிய ரப்பர் மாதிரி, ஆனால் தொண்டையில் ஒட்டுகிற வாடை. அடுத்த வளைவில் கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது, வண்டி மெதுவாகவில்லை. கியரைக் குறைக்கப் பார்த்தேன், விழவில்லை. இடதுபக்கம் மலைச் சரிவு. வண்டியை மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினேன். இறங்கியதும் கால்கள் என்னைத் தாங்கவில்லை. பின்னால் வந்த ஒரு முதிய சாரதி நிறுத்தி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போன என் கையைப் பிடித்துத் தடுத்தார். கொதிக்கிற டிரம்மில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், தானாக ஆறட்டும் என்றார். ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தார். "எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு, பிள்ளை" என்று அன்று அவர் சொன்னதை முதல் கம்பனி எனக்குச் சொல்லியிருக்கவேண்டும். இறக்கத்தில் இஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்சோஸ்ட் பிரேக்கும் அந்த லொறியில் வேலை செய்யவில்லை. அதைக் கேட்கவேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தெரியாது.

இப்போது இருக்கும் இடம் வேறு. 2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயலில் மலையகப் பாதைகள் உடைந்தபோது நான் சரக்கோடு வழியில் இருந்தேன். மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொன்னது ஒன்றே ஒன்று: "உயரமான இடத்தில் நிறுத்து. தேயிலை நனைந்தால் நனையட்டும்." அதே இரவு எனக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வேறொரு கம்பனிச் சாரதிக்கு அரை மணிக்கு ஒருமுறை அழைப்பு வந்தது, விடியும்முன் எப்படியாவது வந்து சேரச் சொல்லி. அவர் போகவில்லை. என் தேநீரில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

மழை, புயல், தூக்கம் என்று சாரதி "முடியாது" சொன்னால் அந்தக் கம்பனியில் என்ன நடக்கும்? தேநீர்க்கடையில் நானா கேட்கச் சொன்ன இரண்டு கேள்விகளோடு இதையும் கேளுங்கள்.


நான்காம் குறுக்குத் தெரு · செவ்வாய் காலை 7.30

சரக்குக் குறைவதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அப்படிப் பிடித்திருக்கிறேன்.

தம்பி, ஏற்றும் இடத்தில் எண்ணாமல் கையெழுத்து வைக்காதே. நாட்டாமிகள் சாக்கை முதுகில் கொண்டுவந்து போடும்போது நீ லொறியின் பின்கதவில் நில், தொலைபேசியைப் பையில் போட்டுவிடு. ஐந்து சாக்குக்கு ஒரு கோடு என்று சுண்ணக்கட்டியால் கதவில் கீறு. 50 கிலோ சீனிச் சாக்கு ஒன்று குறைந்தாலும் உன் ஒரு நடைக்காசு போய்விடும். மூடிச் சீல் வைத்த சரக்கு என்றால் உள்ளே இருப்பதற்கு நீ பொறுப்பில்லை என்று தாளில் எழுதிவிட்டு ஏறு. இதை ஒத்துக்கொள்ளாத முதலாளியிடம் சேராதே, அவர் என் தெருக்காரராக இருந்தாலும்.

இரவு ஓட்டத்தைப் பற்றியும் யோசித்தேன். தம்புள்ளைக்கு இரவில் போய், விடிய வந்து, இறக்கிவிட்டு அன்றிரவே மறுபடி போகிறவனுக்குத்தான் 1,20,000 வரும். என் சாரதிகளை நான் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அனுப்புகிறேன், அதனால் என்னிடம் அந்தத் தொகை வராது. நடைக்கணக்கில் பெரிய தொகை சொன்னால், அதற்குள் எத்தனை இரவு இருக்கிறது என்று எண்ணிப் பார். புதுச் சாரதிக்குத் தொடர்ந்து இரவு கொடுப்பது சரியில்லை. இதை முதல் நாள் நான் எழுதவில்லை, எழுதியிருக்கவேண்டும்.

அக்கா, படிவத்தைப் பற்றிக் கேட்கிறேன். இன்று பின்னேரம் நேரம் இருக்குமா?


கணக்குப் பிரிவு அக்கா · செவ்வாய் காலை 8.05

நான்கு மணிக்குப் பிறகு எழுதுங்கள் அண்ணா. இருவருடைய அடையாள அட்டை இலக்கமும் சேர்ந்த திகதியும் எடுத்து வையுங்கள்.


பிரைம் மூவர் 22 வருடம் · செவ்வாய் இரவு 9.15

கினிகத்தேனைத் தம்பி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நடைக்கணக்கில் மட்டும் ஓடும் இடத்தில் "முடியாது" என்ற வார்த்தைக்கு அன்றைய சாப்பாடு விலை. மாதச் சம்பளம் உள்ள இடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் இருந்தால் போதும். முதல் இரண்டு வருடம் சொல்லிப் பழகவேண்டிய வார்த்தை அது. அதனால் நானும் உங்கள் மனைவியின் பக்கம்தான். 48,000 குறைவு என்று எனக்குத் தெரியும். சட்டத்தில் உள்ள குறைந்தபட்சச் சம்பளமே 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும், 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. பாரவாகனம் ஓட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல இடைவெளி இருக்கவேண்டும். ஆறு மாதம் கழித்துக் கூட்டித் தருவார்களா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.


மட்டக்குளி தம்பி · அடுத்த ஞாயிறு இரவு 8.50

மூன்று இடத்துக்கும் விடியற்காலையில் போனேன்.

யார்டில் லொறிகள் நல்ல நிலையில் இருந்தன, அதைச் சொல்லவேண்டும். திகதி எல்லாம் சரி. ஆனால் பத்துச் சக்கர லொறி இருப்பது ஒன்றுதான், அதற்கு ஆள் இருக்கிறார். "நீங்கள் உள்ளே பிரைம் மூவர் நகர்த்துங்கள்" என்றார்கள், அண்ணா எழுதிய அதே சொற்கள். ஒப்பந்தத்தைப் பக்கத்து வீட்டு அண்ணன் வாசித்துச் சொன்னார். சேதத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம் என்ற வாசகம் அதிலும் இருந்தது.

நான்காம் குறுக்குத் தெருவில் குனிந்து உள் டயரைப் பார்த்தேன். கையால் தடவினால் வழுவழு என்று இருந்தது. ஓட்டுபவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். கண்கள் சிவந்திருந்தன. கிழமைக்கு எத்தனை இரவு என்று கேட்டேன். "ஆறு" என்றார். எனக்கு அவரைப் பற்றி இன்னும் கவலையாக இருக்கிறது.

வத்தளையில் ஒரு ஐயா, அங்கே 14 வருடம் ஓட்டுபவர், நான் கேட்டதும் சிரிக்காமல் கீழே குனிந்து டாங்கிக் குமிழை இழுத்தார். மூன்று துளி. தெளிந்த தண்ணீர். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். ஒரு நானா என்றேன். முடியாது என்று சொன்னால் என்ன நடக்கும் என்றும் கேட்டேன். போன வருடம் காய்ச்சலோடு வந்த தன்னை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டு, தானே லொறியை எடுத்துப் போனதாகச் சொன்னார்.

அங்கே சேர்கிறேன். நியமனக் கடிதம் வெள்ளிக்கிழமை தந்தார்கள். ஆறு மாதத்தில் 52,000 என்று எழுதியிருக்கிறது. முதல் இரண்டு கிழமை அந்த ஐயா பக்கத்தில் இருப்பார். கடன்காரரிடம் நேரில் போய் மாதத் தொகையைக் குறைத்துக் கேட்டேன், சம்மதித்தார். என் சொந்த அக்கா இந்த வருடம் முடியும்வரை வாடகை வேண்டாம் என்றார். 'சி.இ.' எடுக்காமல் விடமாட்டேன்.

நாளைக் காலை ஐந்து மணிக்கு முதல் ஓட்டம். எல்ஃப் லொறி. வத்தளை, ஜாஎல, நீர்கொழும்பு.


ஆமர் வீதி நானா · ஞாயிறு இரவு 9.30

அல்ஹம்துலில்லாஹ். மனம் குளிர்ந்தது, தம்பி.

நீர்கொழும்பு வீதியில் ஆறரைக்குப் பிறகு பாடசாலை வான்கள் சொல்லாமல் நிறுத்தும். பிள்ளைகள் வானின் முன்பக்கத்தால்தான் குறுக்கே ஓடிவருவார்கள், உங்களுக்குத் தெரியாது. நிற்கிற வானைக் கண்டால் காலை பிரேக்குக்கு மேலே கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிகளை இன்றிரவே துடைத்து வைக்க முடியாது, ஆகவே காலையில் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள்.